நக்சல்பாரி வங்காளத்துல, சண்டை பஸ்தர்ல, தலைவருங்க தெலுங்குகாரங்க, புத்தகம் சீனாவோடது. இது எப்படிங்க?

குரூப்1_கனவு:

வணக்கம் மக்களே. எக்ஸாமுக்கு உள்நாட்டுப் பாதுகாப்பு படிச்சிட்டு இருக்கேன். கோச்சிங் நோட்ஸ்ல நக்சல் பிரச்சனைக்குக் காரணம் "வறுமை, நிலமின்மை, பழங்குடியினர் புறக்கணிப்பு"ன்னு மூணு பாயின்ட் போட்டு மேட்டர முடிச்சிட்டாங்க. மனப்பாடம் பண்ணிடலாம், ஆனா மண்டைல உக்கார மாட்டேங்குது. ஊரு நக்சல்பாரி, அது மேற்கு வங்கம் டார்ஜிலிங் மாவட்டத்துல இருக்கு. ஆனா நான் பேப்பர் படிக்க ஆரம்பிச்சதுல இருந்து செய்தி வர்றது பூரா சத்தீஸ்கர்ல பஸ்தர் காட்டுப் பக்கம் இருக்கற தண்டேவாடா, சுக்மா, பிஜாப்பூர். 2025 மே மாசம் சுட்டுக் கொன்ன மாவோயிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் நம்பாலா கேசவ ராவ், அக்டோபர்ல மகாராஷ்டிரா கட்சிரோலில 60 பேரோட வந்து சரணடைஞ்சவர் மல்லோஜுலா வேணுகோபால் ராவ், ரெண்டு பேரும் தெலுங்கு. கொள்கையோட பேரு சீனாக்காரர் பேரு. வறுமைதான் காரணம்னா வறுமை இல்லாத ஊரு எது? அங்கெல்லாம் ஏன் துப்பாக்கி வரல, நம்ம தமிழ்நாட்டுல ஏன் நிக்கல?

ஹீரோ ஆக்கியும் பேச வேணாம், "தேசத்துரோகிங்க, விடு"ன்னு ஒத்த வரில முடிக்கவும் வேணாம். புரிஞ்சா போதும்.

பழையபேப்பர்:

தம்பி, உங்க நோட்ஸ் 1967ல ஆரம்பிக்குதுல்ல, கோளாறே அங்கதான். இருவது வருஷம் பின்னாடி போங்க. 1946ல ரெண்டு இடத்துல கிட்டத்தட்ட ஒரே சமயத்துல குடியானவங்க எழுந்தாங்க. வங்காளத்துல தேபாகா, அதாவது வாரத்துக்கு (நிலக்காரருக்கு விளைச்சல்ல பங்கு குடுத்து) உழுறவனுக்கு விளைச்சல்ல மூணுல ரெண்டு பங்கு வேணும்னு. இன்னொண்ணு நிஜாம் சீமையில தெலங்கானா. தெலங்கானாவுல நிஜாம் கவுந்து இந்திய ராணுவம் உள்ள வந்தப்பறமும் 1951 வரைக்கும் ஆயுதத்தக் கீழ வைக்கல. அங்க இருந்த கம்யூனிஸ்ட் கட்சி ஆந்திரா கமிட்டிக்காரங்கதான் 1948லயே "நம்ம வழி ரஷ்யா வழி இல்ல, மாவோ சொல்ற வழி"ன்னு எழுதி அனுப்பினாங்க. கவனிங்க, அப்ப மாவோ பீக்கிங்க பிடிக்கவே இல்ல. நீங்க கேட்ட தெலுங்கு சங்கதி அங்கயே வந்தாச்சு.

மேலிடத்துல பொதுச்செயலாளர் ரணதிவே இதை ஏத்துக்கல, மாவோவையே சாடி எழுதினார். கட்சிக்குள்ள அடிதடி முத்திப்போய் கடைசில பஞ்சாயத்து மாஸ்கோவுக்குப் போச்சு. 1951 பிப்ரவரில டாங்கே, அஜய் கோஷ், ராஜேஸ்வர ராவ், பசவபுன்னையா நாலு பேரும் ரகசியமா போய் ஸ்டாலினப் பாத்தாங்க. அவர் சொன்னதோட சாரம் இதுதான்: சீனாவுல கட்சி கையில பெரிய படை இருந்துச்சு, முதுகுப்பக்கம் சோவியத் எல்லை இருந்துச்சு, உங்களுக்கு ரெண்டும் இல்ல, உங்க நாட்டுல ரயில் வேற நிறைய ஓடுது, சுத்தி வளைச்சிடுவான். அந்த வருஷம் அக்டோபர்ல தெலங்கானாப் போராட்டம் வாபஸ். இந்த "முதுகுப்பக்கம்" வார்த்தைய மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

அப்பறம் 1962 சீன யுத்தம், 1964ல கட்சி ரெண்டாச்சு, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். சிலிகுரில சாரு மஜூம்தார்னு ஒருத்தர். தேபாகாவுல நின்ன ஆளு, இதய நோயாளி, 1965ல இருந்து 67க்குள்ள எட்டு கட்டுரை எழுதுறார், எட்டு ஆவணங்கள்னு சொல்வாங்க. சுருக்கமா சொன்னா, எலெக்சன் வேஸ்ட், கூலி உயர்வு கேக்கற போராட்டத்துலயே தேங்கிடாதீங்க, சின்னச் சின்ன ரகசியக் குழுவா பிரிங்க, ஆயுதத்தப் பறிங்க, நிலம் கிடைக்கறது முக்கியம் இல்ல அதிகாரம்தான் முக்கியம். கடைசி வரிய நல்லா கவனிங்க, ஏன்னா அந்த ஊர்ல உழுதவனுக்கு நிலம்தான் முக்கியமா இருந்துச்சு.

1967ல வங்காளத்துல ஐக்கிய முன்னணி ஆட்சி, அதுல சிபிஎம்மும் பங்கு. நக்சல்பாரில பிகுல் கிசான்னு வாரத்துக்கு உழுறவர், கோர்ட்டுத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தும் நிலத்துல இறங்கினப்போ ஜோதேதார், அதாவது நிலக்காரர், ஆளுங்க அடிச்சு விரட்டினாங்க. அதுல இருந்து சூடு ஏறி மே 24 இன்ஸ்பெக்டர் சோனம் வாங்டி அம்பு பட்டுச் செத்தார், மறுநாள் பிரசாதுஜோத்ங்கற இடத்துல போலீஸ் சுட்டதுல 11 பேர் போனாங்க, பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைங்களும் உண்டு. ஜூலை 5 பீக்கிங் மக்கள் நாளிதழ்ல "வசந்தத்தின் இடிமுழக்கம்"னு தலையங்கம். ஆனா கொஞ்ச மாசத்துல நக்சல்பாரில எல்லாம் அடங்கிப்போச்சு தம்பி. ஊர்ல அணைஞ்சது பேப்பர்ல எரிஞ்சிட்டு இருந்துச்சு, அதைப் படிச்சிட்டுத்தான் ஸ்ரீகாகுளம், கல்கத்தா, கேரளா, நம்ம கோயம்புத்தூர்னு அங்கங்க பையங்க கிளம்பினாங்க.

1969 ஏப்ரல் 22, லெனின் பிறந்தநாள்ல எம்.எல். (மார்க்சிய-லெனினிய) கம்யூனிஸ்ட் கட்சி ஆரம்பம். அடுத்து வந்ததுதான் அழித்தொழிப்பு லைன், வர்க்க எதிரிய ராத்திரில போய்க் கொல்லு, மக்கள் தானா எழுவாங்கன்னு. எழல. கல்கத்தாவுல காலேஜ் பசங்க சிலைய உடைச்சாங்க, ரோட்டுல நின்ன கான்ஸ்டபிளக் கொன்னாங்க, பதிலுக்கு போலீஸ் பசங்களக் கொத்துக் கொத்தா கொன்னுது. "சீனத் தலைவர் எங்கள் தலைவர்"னு சுவத்துல எழுதினாங்கல்ல, 1970ல இந்தக் கட்சிக்காரர் சௌரின் போஸ் சீனா போனப்போ சீனப் பிரதமர் சூ என்லாயே அது தப்பு, தனித்தனியா ஆளக் கொல்றதும் தப்புன்னு சொல்லி அனுப்பினார். குருவே வேணாம்னு சொன்னதை சிஷ்யன் கேக்கல. 1972 ஜூலைல சாரு பிடிபட்டார், 12 நாள்ல காவல்லயே செத்தார்.

அதோட முடிஞ்சிருக்க வேண்டிய கதை. ஏன் முடியலங்கறதை அடுத்த ஆளு சொல்லட்டும், டைப் பண்ணி கை வலிக்குது.

பீடிக்கட்டு:

நான் சொல்றேன், ஆனா இலையில இருந்து ஆரம்பிக்கறேன், பொறுத்துக்கோங்க.

எங்கம்மா முக்கூடல் பக்கம் பீடி சுத்துனவங்க. மடில தட்டை வச்சுக்கிட்டு, ஊறப்போட்ட இலையத் தகர அளவு வச்சுக் கத்தரியால நறுக்கி, தூளைப் போட்டு உருட்டி நூல் கட்டுறது. சின்ன வயசுல அந்த இலை நம்மூரு மரம்னு நினைச்சிட்டு இருந்தேன். இல்ல, அதுல பெரும்பங்கு மத்திய இந்தியா காட்டுல இருந்து வருது, தெண்டு இலை. பஸ்தர், கட்சிரோலி, அதிலாபாத் பக்கமெல்லாம் சித்திரை வைகாசி வெயில்ல மழைக்கு முன்னாடி கொஞ்ச வாரம்தான் சீசன். விடியுறதுக்கு முன்னாடி குடும்பத்தோட காட்டுக்குள்ள போயி பறிச்சுட்டு வந்து வீட்டுல உக்காந்து கட்டு கட்டணும், பஸ்தர் கணக்குல 50 இலை ஒரு கட்டு, 1000 கட்டு சேந்தா ஒரு மூட்டைக் கணக்கு, அப்ப மூட்டைக்கு 50,000 இலை. அந்தக் காட்டுல இருக்கறவங்களுக்கு வருஷத்துல கையில நோட்டாப் பாக்கற காசுல முக்கியமானது அதுதான்.

1980ல ஆந்திராவுல கொண்டபள்ளி சீதாராமய்யா மக்கள் யுத்தம் கட்சிய ஆரம்பிச்ச கையோட சின்னச் சின்ன தளங்களா ஆளுங்களக் கோதாவரியத் தாண்டி அனுப்பினார். (தளம்னா அவங்க பாஷையில ஆயுதக் குழு, அஞ்சாறு பேரு இருப்பாங்க.) போனவங்க மாவோ புத்தகத்த விரிச்சா அங்க இருக்கற கோண்டு பழங்குடி ஜனத்துக்கு என்ன புரியும்? இலைக் காண்ட்ராக்டரப் பிடிச்சு கட்டுக்கு ரேட்ட ஏத்து, இல்லேன்னா ஒரு இலை வெளிய போகாதுன்னாங்க. ஏறிச்சு. அதுக்கு முன்னாடி கட்டுக்கு சில பைசாதான். அடுத்து பாரஸ்ட் கார்டு. ஏர் செய்ய ஒரு கட்டை வெட்டினா அபராதம், கோழிய எடுத்துட்டுப் போவான், சும்மா வேலை வாங்குவான். தளம் வந்தப்பறம் அந்த கார்டு ஊருக்குள்ள வர்றத நிறுத்திட்டான். அந்த ஜனத்துக்குக் கட்சின்னா அதுதான்.

இதுல ஒரு வேடிக்கை. இவங்க திட்டத்துல "அரை நிலப்பிரபுத்துவ நாடு"ன்னு இருக்கு, நிலப்பிரபுதான் எதிரி. பஸ்தர் காட்டுல பெரிய நிலப்பிரபுவே கிடையாது! அங்க ஜமீன்தார் மாதிரி நின்னது வனத்துறைதான். புத்தகத்துல இருந்த எதிரி அங்க இல்ல, அங்க இருந்த எதிரி புத்தகத்துல இல்ல. அதனால நக்சல்பாரில ஜெயிக்காத சித்தாந்தம் பஸ்தர்ல ஜெயிச்சுச்சுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், அங்க நின்னது இலை ரேட்டு.

அப்பறம் அதே இலையே அவங்களக் கெடுத்துச்சு. காண்ட்ராக்டர்கிட்ட சீசனுக்கு இவ்வளவுன்னு வசூல், ரோடு காண்ட்ராக்டர்கிட்ட வசூல். யாருக்கு எதிரா வந்தாங்களோ அவன் பணத்துலதான் துப்பாக்கிக்குக் குண்டு வாங்கற நிலைமை.

கோதாவரிக்கு_அந்தப்பக்கம்:

பீடிக்கட்டு நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா பாதிதான் ஒத்துக்கறேன். இலைக்கு ரேட்டு கம்மின்னா அது எல்லாக் காட்டுலயும்தான் கம்மி, பாரஸ்ட் கார்டு அராஜகமும் இந்தியா பூரா இருந்துச்சு. அங்கெல்லாம் 40 வருஷம் யுத்தம் நடக்கலயே. ஆளு போகணும்ல, போன ஆளு திரும்பி வராம அங்கயே கிடக்கணும்ல. அந்த ஆளுங்க எங்கருந்து வந்தாங்கன்னு பாருங்க.

நான் வேலை விஷயமா வாரங்கல்ல அஞ்சு வருஷம் இருந்தவன். அங்க ஐம்பது அறுபது வயசுக்காரர் யாரக் கேட்டாலும் "என் காலேஜ்மேட் ஒருத்தன் உள்ள போனான்"னு (கட்சில சேந்து காட்டுக்குள்ள போனான்னு அர்த்தம்) சொல்வாங்க, ஏதோ துபாய் போன மாதிரி. எமர்ஜென்சி முடிஞ்ச கையோட ராடிக்கல் மாணவர் சங்கம் "கிராமத்துக்குப் போங்க"ன்னு லீவுல பசங்கள அனுப்புச்சு. அங்க தொரைங்க, அதாவது பெரிய நிலக்காரங்க ராஜ்யம், கடீன்னு கோட்டை மாதிரி வீடு, கூலி இல்லாத வெட்டி வேலை. 1978 ஜக்தியால் பேரணிக்கப்பறம் பல தொரைங்க டவுனுக்கு ஓடிட்டாங்க, அரசாங்கம் ஜக்தியால், சிரிசில்லாவக் கலவரப் பகுதின்னு அறிவிச்சு போலீஸ இறக்குச்சு. 1981 ஏப்ரல் 20 இந்திரவெல்லில கோண்டு மக்கள் கூட்டத்து மேல சுட்டாங்க, அரசுக் கணக்கே 13. நம்பாலா கேசவ ராவ் வாரங்கல் இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவர், சீதாராமய்யா இந்தி வாத்தியார். பட்டினி கிடந்தவங்க இல்ல இவங்க, படிச்சவங்க.

இப்ப பழையபேப்பர் ஐயா சொன்ன "முதுகுப்பக்கம்" வருது பாருங்க. கோதாவரியத் தாண்டி தளங்கள அனுப்பினதே புரட்சிய அங்க பண்றதுக்கு இல்ல. தெலங்கானா சமவெளில சண்டை போடறவன் அடிபட்டா ஒதுங்கறதுக்கு ஒரு பின்கட்டு வேணும்னுதான் காட்டுக்குள்ள போனாங்க. ஸ்டாலின் உங்ககிட்ட இல்லேன்னு சொன்னத இவங்க உள்நாட்டுலயே தேடினாங்க. பஸ்தர்ல அபுஜ்மாட்னு ஒரு மலைக்காடு, அப்ப அங்க ரயில் இல்ல, ரோடு இல்ல, நிலத்துக்கு சர்வே கூட இல்ல. பஸ்தர் பக்கம் நாலு மாநில எல்லை கிட்டக்கிட்ட வர்ற இடம், ஒரு மாநிலப் போலீஸ் துரத்தினா அடுத்த மாநிலத்துக்குள்ள போயிடலாம், அந்தக் காலத்துல போலீஸ் எல்லையத் தாண்டாது. ஆனா ஆந்திரா கிரேஹவுண்ட்ஸ்ங்கற தனிப் போலீஸ் படைய வச்சு அடிச்சு, 2004ல ஒரு பேச்சுவார்த்தை நடந்து அதுவும் முறிஞ்சு, அப்பறம் ரெண்டு மூணு வருஷத்துல முன்வாசல் காலி. பின்கட்டே வீடாயிடுச்சு. இதான் உங்க "தலைவர் தெலுங்கு, சண்டை பஸ்தர்" கேள்விக்குப் பதில். கீழ துப்பாக்கி தூக்கினது பூரா கோண்டுப் பசங்க, மேல மத்தியக் கமிட்டில உக்காந்தது பெரும்பாலும் தெலுங்குக்காரங்க. அந்த மண்ணுல பொறந்து மேல வரைக்கும் போனவர்னா சுக்மாக்காரர் ஹிட்மா, அவரும் 2025 நவம்பர்ல ஆந்திரா எல்லைக்குள்ள வச்சு முடிஞ்சார்.

2004 செப்டம்பர் 21 மக்கள் யுத்தமும் பீகார் ஜார்க்கண்ட் பக்கம் இருந்த எம்.சி.சி.ங்கற இன்னொரு ஆயுதக் கட்சியும் ஒண்ணா சேந்துச்சு, பரப்பு அதுலதான் பெருசாச்சு. 2005ல சல்வா ஜூடும், மாவோயிஸ்டுகள எதுக்க அரசாங்க ஆதரவோட வந்த இயக்கம். ஊரக் காலி பண்ணி கேம்ப்ல போட்டு, பழங்குடிப் பசங்க கையிலயே துப்பாக்கியக் குடுத்தாங்க, 2011ல சுப்ரீம் கோர்ட்டு அது சட்டவிரோதம்னுச்சு. நடுவுல 2010 ஏப்ரல் 6 பஸ்தர் பக்கம் தட்மெட்லாவுல மாவோயிஸ்டுங்க தாக்கி 76 ஜவான் செத்தாங்க, அடுத்த மாசமே ஒரு பஸ்ஸக் கண்ணிவெடி வச்சுத் தூக்கினதுல சாதாரண ஜனமும் செத்துச்சு. "இன்ஃபார்மர்"னு சொல்லி மக்கள் கோர்ட்டு நடத்தி ஊர் நடுவுல கொன்ன கோண்டுக்காரங்க எத்தன பேரு. ரேட்ட ஏத்திக் குடுத்தவன் அண்ணன்தான், ஆனா அண்ணன எதுத்து ஒரு வார்த்தை பேசினா உசிர் இல்லேன்னா அதுக்குப் பேரு என்ன?

ஒரு விஷயம் எனக்கு எப்பவும் உறுத்தும். நக்சல்பாரியத் தொடங்கின கானு சன்யால் அழித்தொழிப்பு தப்புன்னு எப்பவோ சொல்லிட்டு ஊர்ப்பக்கம் குடிசையிலதான் இருந்தார். 2010 மார்ச் 23 அங்கயே தூக்குல தொங்கினார். சரியா 14 நாள் கழிச்சு தட்மெட்லா.

ஜவ்வாதுமலை_அடிவாரம்:

தமிழ்நாட்டுக் கேள்விக்கு யாரும் வரலயே, நான் வரேன், நான் திருப்பத்தூர்க்காரன்.

நம்ம பக்கம் வரலன்னு சொல்லாதீங்க, வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. கோயம்புத்தூர் அப்பு, பெண்ணாடம் பக்கம் புலவர் கலியபெருமாள், இவங்கெல்லாம் முதல் பேட்ச். 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணில 44 பேர குடிசையோட கொளுத்தி, அந்தக் கேஸ்ல கோபாலகிருஷ்ண நாயுடுவ 1973ல ஐகோர்ட்டு விடுதலை பண்ணுச்சுல்ல, 1980ல அவரு கொல்லப்பட்டது இந்தப் பசங்க கையாலதான்னு சொல்வாங்க. தருமபுரி, எங்க வடாற்காடு பக்கம் 1970கள் கடைசில பாலன் மாதிரி ஆளுங்க வேலை செஞ்சப்போ பேசினது மாவோ இல்ல, டீக்கடைல ரெட்டை டம்ளர், கந்து வட்டி. எங்க தாத்தா சொல்வாரு, வட்டிக்கு எழுதி வாங்கின பத்திரத்த திருப்பிக் குடுக்க வச்சாங்கன்னு. அப்ப இலையும் பத்திரமும் ஒண்ணுதான் பீடிக்கட்டு.

1980 ஆகஸ்ட் 6 திருப்பத்தூர்ல நக்சல் ஆளுங்களக் கைது பண்ணி கார்ல கூட்டிட்டுப் போறப்போ குண்டு வெடிச்சு இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் மூணு போலீசும் செத்தாங்க. இன்னிக்கும் வருஷா வருஷம் அந்த நாள்ல மரியாதை செலுத்துவாங்க. எம்ஜிஆர் ஆட்சி, போலீஸ் அதிகாரி தேவாரத்த அனுப்பினாங்க, அந்த இன்ஸ்பெக்டரோட பொண்ணு பேருலயே ஆபரேஷன் அஜந்தா. ஒரு வருஷத்துக்குள்ள எங்க பக்கம் வாலிபப் பசங்க எத்தன பேர் "என்கவுன்ட்டர்"ல போனாங்கன்னு பெருசுங்க விரல் விட்டு எண்ணுவாங்க. ரெண்டு பக்கமும் செத்தது எங்க ஊர் ஆளுங்கதான்.

ஏன் நிக்கலன்னா என் அபிப்பிராயம் இது. ஒளிஞ்சுக்க காடு பத்தாது, எங்க போனாலும் ரெண்டு மணி நேரத்துல பஸ் ரோடு. ரெண்டாவது, இங்க கோபப்பட்டவன் போறதுக்கு வேற கதவு இருந்துச்சு. திராவிடக் கட்சில கிளைச் செயலாளர் ஆகலாம், இடஒதுக்கீட்டுல பையன வாத்தியார் ஆக்கலாம். ஆனா முழுசா தீந்துச்சுன்னு நினைக்காதீங்க. தருமபுரி பக்கம் நாய்க்கன்கொட்டாய்ல அப்பு, பாலன் சிலை நிக்குது, ஒரு காலத்துல வன்னியப் பையனும் தலித் பையனும் ஒண்ணா உக்காந்து டீ குடிச்ச ஊரு. 2012 நவம்பர்ல அதே நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம் உள்பட மூணு தலித் காலனில 200 வீட்டுக்கு மேல சாதியால கொளுத்தினாங்க.

குரூப்1_கனவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நோட்ஸ தூக்கிப் போட்டுட்டேன். கடைசியா ஒண்ணு, "மாவோயிஸ்ட்"ங்கற பேரு எப்ப வந்துச்சு? நக்சல்னுதானே சொல்லிட்டு இருந்தாங்க?

பழையபேப்பர்:

ஆரம்பத்துல "மாவோ சிந்தனை"ன்னுதான். லெனினோட சமமா வைக்க சீனாக்காரனே துணியல. அதை "இசம்" ஆக்கினது தென்னமெரிக்காவுல பெரு நாட்டு "ஒளிரும் பாதை" கட்சிக்காரங்க, 1980கள்ல. அப்பறம் நேபாளத்துல பிரசண்டா கட்சி 1996 பிப்ரவரி 13 யுத்தம் ஆரம்பிச்சப்பவே பேர்ல மாவோயிஸ்ட் இருந்துச்சு. நம்ம பக்கம் 2004 இணைப்புக்கப்பறம்தான் பேப்பர்லயும் பேரு மாறுச்சு. நேபாளம் தனிக் கதை, 10 வருஷம், 17,000 பேர் கிட்ட சாவு, 2006ல ஒப்பந்தம் போட்டு எலெக்சனுக்கு வந்து பிரதமரே ஆனாங்க, இங்க இருந்தவங்க அதைத் துரோகம்னு திட்டினாங்க. அதுக்குத் தனியா கேளுங்க, இதுல இழுக்க வேணாம்.

பீடிக்கட்டு:

இதெல்லாம் எழுதிட்டு எங்கம்மாவுக்குப் போன் போட்டேன். இலை எங்கருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாம்மான்னு கேட்டா, "பீடிக்கடையில இருந்துதாம்ல, வேற எங்கருந்து"ன்னு சொல்லிட்டு, நல்ல இலை குடுக்கமாட்டானுவ, பாதி ஓட்டையும் பூச்சியுமா இருக்கும், கழிச்சது போக எண்ணம் குறைஞ்சா கூலியில பிடிப்பானுவன்னு அரை மணி நேரம் பேசிச்சு.